செய்முறை நோட்டும் கிக்ஸ்டார்ட்டரும்

கொஞ்சம் நீளமான பதிவு. வேலையெல்லாம் முடித்துவிட்டுப் பொறுமையாக உட்கார்ந்து படியுங்கள்.

பத்து நாட்களாக எனக்கு ஒரே கேள்விதான் போனில் வந்துகொண்டிருக்கிறது. "டீச்சர், நம்ம கூடப் படிச்ச பையன் ஏதோ விளையாட்டுப் புத்தகம் போடப் போறானாம். வாட்ஸ்அப்ல பணம் கேட்டு மெசேஜ் வந்திருக்கு. நம்பிப் போடலாமா?" மதுரையிலிருந்து என் தங்கை மகள் கேட்கிறாள்: "பெரியம்மா, இது என்ன புது மாதிரி சீட்டா?"

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டது. அதனால் எல்லாருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். அந்தத் தம்பியிடம் அனுமதி வாங்கித்தான் எழுதுகிறேன். பெயர் சொல்ல மாட்டேன். தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

என்னிடம் மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புகள் படித்தவன். இப்போது கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் வேலை. அப்பாவுக்குக் கம்பம் பக்கத்தில் ஒன்றரை ஏக்கர் பன்னீர் திராட்சை. மகன் புத்தகம் அச்சிட 4 லட்சம் ரூபாய் திரட்டப் போகிறான், குறைந்தால் தோட்டத்துப் பத்திரத்தை வங்கியில் வைத்துத் தரும்படி கேட்கிறான் என்று அவர் எனக்குப் போன் செய்தார். "டீச்சரம்மா, எனக்கு இதுல ஒன்னும் புரியல. நீங்க பேசிப் பாருங்க, நீங்க சொன்னாக் கேப்பான்" என்றார். பந்தல் போட்டுக் கொடி ஏற்றி, மருந்தடித்து, கவாத்து வெட்டி அவர் அந்தத் தோட்டத்தை எப்படி வளர்த்தார் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

தம்பியை வரச் சொன்னேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசினோம். அவன் சொல்லித் தந்ததையும், நான் தேடிப் படித்ததையும், எனக்குத் தோன்றியதையும் சொல்கிறேன்.

முதலில், இது என்ன விளையாட்டு?

மேசையைச் சுற்றி நான்கைந்து பேர் உட்கார்கிறார்கள். ஒருவர் கதையை நடத்துகிறார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். "மழை இருட்டு. சுருளி ஆற்றங்கரையில் ஒரு விளக்கு தெரிகிறது. என்ன செய்கிறீர்கள்?" என்று நடத்துபவர் கேட்பார். "நான் மெதுவாகப் பக்கத்தில் போய்ப் பார்க்கிறேன்" என்பான் ஒருவன். சத்தம் கேட்டுவிடுமா, கேட்காதா? பகடையை உருட்டிப் பார்ப்பார்கள். நம் தாயக்கட்டைக்கு நான்கு பக்கம். இதில் இருபது பக்கமுள்ள பகடைகூட உண்டு. ஜெயிப்பவர், தோற்பவர் என்று கிடையாது. எல்லாரும் சேர்ந்து ஒரு கதையை உண்டாக்குகிறார்கள்.

இந்த வகையில் முதலாவது 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் உருவாக்கியது. முதலில் அச்சிட்டது வெறும் 1,000 பிரதிகள்தான். பெட்டிகளில் கையால் அடுக்கி விற்றார்கள். இன்று உலகம் முழுக்க விளையாடுகிறார்கள். நம் தம்பி எழுதியிருப்பது இந்த வகைதான். ஆனால் கதை நடப்பது மேற்கு மலைக்கும் வருசநாட்டு மலைக்கும் நடுவில் உள்ள ஒரு பள்ளத்தாக்கில். ஏலக்காய் சுமக்கும் ஆட்கள், மலைப்பாதை, யானைத் தடம், முனியப்பன் கோயில் எல்லாம் வருகின்றன. தமிழிலேயே எழுதியிருக்கிறான். படித்தேன். நன்றாக இருக்கிறது. மாணவன் என்பதற்காகச் சொல்லவில்லை. பிழை திருத்த சிவப்புப் பேனாவோடுதான் உட்கார்ந்தேன், பாதியில் பேனாவை மறந்துவிட்டேன்.

அடுத்தது பணம் திரட்டுவது.

'கூட்டு நிதி' என்கிறார்கள். அமெரிக்காவில் 2009-இல் தொடங்கிய கிக்ஸ்டார்ட்டர் என்ற இணையதளம் இதற்குப் பேர் போனது. "இந்தப் பொருளைச் செய்யப் போகிறேன், இவ்வளவு பணம் வேண்டும், இத்தனை நாள் கெடு" என்று அறிவிக்க வேண்டும். கெடு 60 நாளைத் தாண்டக் கூடாது. அதற்குள் இலக்கை எட்டினால்தான் பணம் எடுக்கப்படும். ஒரு ரூபாய் குறைந்தாலும் யாரிடமும் ஒன்றும் எடுக்க மாட்டார்கள். எட்டினால் அந்தத் தளம் 5 சதவீதம் எடுத்துக்கொள்ளும், பணப் பரிமாற்றச் செலவு தனி. இந்தியாவில் இருப்பவர்கள் அதில் நேரடியாகத் திட்டம் போட முடியாது. வெளிநாட்டில் உள்ளவர் பெயரில்தான் போட வேண்டும். சிங்கப்பூரில் இருக்கும் சித்தப்பா மகன் பெயரில் போடலாமா என்று தம்பி முதலில் யோசித்தான். அவன் பெயரில் பணம் வந்து, அவன் பெயரில் வரி வந்து, நாளைக்கு அண்ணன் தம்பிக்குள் மனக்கசப்பு வந்தால் என்ன செய்வது? அதை விட்டுவிட்டு, நம் நாட்டுத் தளம் ஒன்றில் போடலாம் என்று முடிவு செய்தான். ஆனால் நம் நாட்டில் கூட்டு நிதித் தளம் என்றாலே ஜனங்களுக்கு நினைவுக்கு வருவது ஆஸ்பத்திரிச் செலவுதான். அரிய நோய் வந்த குழந்தைக்கு 16 கோடி ரூபாய் ஊசி என்று செய்தி வரும்போது நாமெல்லாம் முடிந்ததை அனுப்பியிருக்கிறோம். அங்கே மனிதர்கள் கொடுப்பது உயிருக்காக. விளையாட்டுப் புத்தகத்துக்கு அந்த மனசோடு யாரும் கொடுக்க மாட்டார்கள். கொடுக்கவும் வேண்டியதில்லை. அதே மாதிரி உருக்கமாகக் கேட்டால் காரியம் ஆகாது.

அப்படியானால் எந்த மனசோடு கொடுப்பார்கள்? இதற்குப் பதில் நம் ஊரிலேயே இருக்கிறது.

நம் பக்கம் 'தேவை' வைக்கிறோம். காதுகுத்து, சடங்கு, கல்யாணம், புதுமனை புகுவிழா எதுவானாலும் பந்தலில் மேசை போட்டு இரண்டு பேர் செய்முறை எழுதுவார்கள். ஊர், பெயர், தொகை. இப்போது கம்ப்யூட்டரில் பதிந்து ரசீதே கொடுக்கிறார்கள். ஒரே நாளில் சில லட்சம் சேர்ந்துவிடும். பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் மொய் விருந்து என்றே தனியாக நடத்துகிறார்கள். ஆடி, ஆவணி மாதத்தில் கிடா வெட்டி விருந்து வைத்து, அதற்கென்றே பணம் திரட்டுவார்கள்.

ஒரே நாளில் எப்படி அவ்வளவு சேர்கிறது? அழைப்பிதழ் அழகாக இருப்பதாலா? மைக் செட்டாலா? இல்லை. அந்த வீட்டுக்காரர் இருபது வருஷமாக மற்றவர்கள் பந்தலுக்குப் போய் எழுதியிருக்கிறார். பழைய நோட்டில் இருப்பதுதான் புது நோட்டில் திரும்பி வருகிறது. யார் வீட்டுக்கும் போகாதவர் ஆயிரம் பத்திரிகை அடித்தாலும் பந்தலில் நாற்காலிதான் மிஞ்சும். இது நாம் எல்லாரும் கண்ணால் பார்த்தது.

இந்த விளையாட்டுப் புத்தகங்களின் கதையும் இதேதான். தம்பி எனக்குக் காட்டிய உதாரணங்களையே சொல்கிறேன்.

மாட் கோல்வில் என்று ஓர் அமெரிக்கர். 2016-இல் யூடியூபில் பாடம் எடுக்க ஆரம்பித்தார். கதையை எப்படி நடத்துவது, முதல் நாள் என்ன செய்வது, ஒரே ஆள் பேசிக்கொண்டிருந்தால் எப்படிச் சமாளிப்பது என்று இலவசமாகச் சொல்லிக் கொடுத்தார். இரண்டு ஆண்டுகள் இப்படி. 2018-இல் ஒரு புத்தகத்துக்காகக் கிக்ஸ்டார்ட்டரில் பணம் கேட்டார். 20 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. 2023-இல் சொந்தமாக ஒரு விளையாட்டையே உருவாக்கப் போவதாகச் சொன்னபோது 40 லட்சம் டாலரையும் தாண்டியது. பார்த்தவர்கள் "அடேயப்பா, ஒரே மாதத்தில்" என்றார்கள். ஒரே மாதம் இல்லை. முதல் பாடம் எடுத்த நாளிலிருந்து அவர் மற்றவர் பந்தலில் செய்முறை எழுதிக்கொண்டிருந்தார்.

2021-இல் 'அவதார் லெஜண்ட்ஸ்' என்ற விளையாட்டுக்கு 50,000 டாலர் கேட்டார்கள். வந்தது 95 லட்சம் டாலர். கொடுத்தவர்கள் 81,000 பேருக்கு மேல். உங்கள் பிள்ளைகள் டிவியில் பார்த்த அவதார் கார்ட்டூனின் கதை அது. பெயர் முன்பே எல்லாருக்கும் தெரியும். வெளியிட்ட நிறுவனமும் அதற்கு முன் பல புத்தகங்களை இதே வழியில் பணம் திரட்டி வெளியிட்டிருந்தது. விளையாடிப் பார்க்கச் சுருக்கமான விதிகளை இலவசமாகவே கொடுத்தார்கள். தெரிந்த கதை, தெரிந்த கை, ருசி பார்க்க ஒரு வாய். மூன்றும் இருந்தன.

"எனக்கு இதில் ஒன்றுமே இல்லையே டீச்சர்" என்று தம்பி முகம் வாடினான். அவனுக்கு நான் உ.வே.சா. கதையைச் சொன்னேன்.

1887-இல் சீவக சிந்தாமணி அச்சில் வந்தது. அதைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் அப்போது கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர். கையில் பணம் இல்லை. காகிதம் வாங்க வேண்டும், அச்சுக்கூலி கொடுக்க வேண்டும். அந்தக் காலத்தில் 'கையொப்பம் வாங்குவது' என்று ஒரு வழக்கம். புத்தகம் வந்ததும் இத்தனை பிரதி வாங்கிக்கொள்கிறேன் என்று கையெழுத்திட்டுக் கொடுப்பார்கள், சிலர் முன்பணமும் தருவார்கள். கையொப்பமிட்டவர்கள் பெயரைப் புத்தகத்திலேயே அச்சிடுவதும் உண்டு. இன்றைக்குக் கிக்ஸ்டார்ட்டர் புத்தகங்களின் கடைசிப் பக்கங்களில் ஆயிரக்கணக்கான பெயர்கள் இருக்கின்றனவே, அதே முறைதான். பெரிய நிறுவனமோ விளம்பரமோ இல்லாத ஒரு வாத்தியார் அதைச் செய்தார். யாரிடம் கேட்டார்? தமிழில் அக்கறை உள்ளவர்கள், தன் பாடத்தைக் கேட்டவர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள். சுவடியை வைத்துக்கொண்டு அவர் படும் பாட்டை நேரில் பார்த்தவர்கள் அவர்கள். கூட்டம் சிறியதுதான், ஆனால் அவரை அறிந்த கூட்டம்.

"நீ எத்தனை பேருக்கு மெசேஜ் அனுப்பினாய்?" என்று கேட்டேன். "1,200 பேருக்கு டீச்சர்." "அதில் எத்தனை பேர் இந்த விளையாட்டை ஒரு தடவையாவது விளையாடியிருக்கிறார்கள்?" கொஞ்ச நேரம் யோசித்தான். "ஒன்பது பேர்" என்றான்.

திட்டங்கள் குறைந்துபோவதற்கு முதல் காரணம் இதுதான். பொருள் மோசம் என்பதால் அல்ல, பொருளை யாரும் தொட்டே பார்க்கவில்லை என்பதால். தெரியாதவர்கள் முதலில் கொடுப்பதில்லை. தெரிந்தவர்கள் கொடுத்திருக்கிறார்களா என்று பார்த்துத்தான் கொடுக்கிறார்கள். முதல் இரண்டு மூன்று நாளில் கூட்டம் வரும், நடுவில் வற்றிவிடும், கடைசி இரண்டு நாளில் மறுபடி வரும். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லாரும் சொல்வது இது. முதல் நாள் பந்தல் காலியாக இருந்தால் வாசலோடு திரும்பிப் போகிறவர்கள்தான் அதிகம்.

ஹார்வர்டு தமிழ் இருக்கையை நினைத்துப் பாருங்கள். 60 லட்சம் டாலர் வேண்டும் என்றபோது யாருக்கும் நம்பிக்கை வந்திருக்காது. அமெரிக்காவில் இருந்த இரண்டு தமிழ் மருத்துவர்கள் ஆளுக்கு 5 லட்சம் டாலர் என்று முதலில் வைத்தார்கள். பிறகுதான் உலகத் தமிழர்கள் நூறும் ஆயிரமுமாக அனுப்பினார்கள். தமிழ்நாடு அரசு 10 கோடி ரூபாய் கொடுத்தது. 2018-இல் இலக்கு நிறைவேறியது. முதலில் வைக்கும் கை யாருடையது என்று தெரியாமல் பந்தல் போடக் கூடாது.

இரண்டாவது காரணம் கணக்கு. இங்கேதான் எனக்குள் இருந்த டீச்சர் எழுந்துவிட்டாள். பழைய ரஃப் நோட்டு ஒன்றை எடுத்து வந்தேன்.

அவன் திட்டம் 500 பிரதி. விலை 799 ரூபாய். ஐந்நூறு பேர் வாங்கினால் 3,99,500. அதனால் இலக்கு 4 லட்சம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

செலவைக் கேட்டேன். அச்சுக்கும் அட்டைக்கும் ஒரு பிரதிக்கு 400. பகடை செட் 150. கூரியர் 80. ஆக ஒரு பிரதிக்கு 630 ரூபாய். ஓவியருக்குத் தனியாக 1 லட்சம். 500 பிரதிக்கு மொத்தம் 4,15,000. வரவில் தளத்துக்கும் பணப் பரிமாற்றத்துக்கும் 8 சதவீதம் போகும் என்று அவனே குறித்து வைத்திருந்தான். அப்படியானால் 799-இல் கைக்கு வருவது 735. ஐந்நூறுக்கு 3,67,500. பற்றாக்குறை 47,500 ரூபாய்!

அதாவது, எல்லாரும் கைதட்டி, இலக்கை எட்டிவிட்டான் என்று வாழ்த்துச் சொன்ன பிறகு, கையிலிருந்து 47,500 ரூபாய் போட வேண்டும். இந்த விலையில் கணக்கு சரியாக வர ஏறத்தாழ 950 பேர் வாங்க வேண்டும். அதற்குத்தான் அப்பாவின் பத்திரம்.

ஐந்தாம் வகுப்பில் நான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்த இலாப நட்டக் கணக்குதான். விலையை 999 ஆக்கினால் சுமார் 350 பேர் போதும். விலையை ஏற்ற மனமில்லை என்றால் பகடையை எடுத்துவிடலாம், வேண்டுமென்பவர்கள் தனியாகக் காசு கொடுத்து வாங்கட்டும். அப்போது 799-க்கே சுமார் 390 பேர் போதும். வீட்டில் தாயக்கட்டை இருக்கிறது, அதையே உருட்டும்படி விதியை மாற்ற முடியுமா என்று கேட்டேன். அவன் கண் விரிந்தது. "டீச்சர், அது இன்னும் நல்லா இருக்கும்" என்றான்.

மூன்றாவது காரணம் கொஞ்சம் விசித்திரமானது. அளவுக்கு மேல் ஜெயிப்பது.

2016-இல் 'செவன்த் சீ' என்ற பழைய விளையாட்டின் இரண்டாம் பதிப்புக்குக் கிக்ஸ்டார்ட்டரில் 13 லட்சம் டாலர் சேர்ந்தது. 11,000 பேருக்கு மேல் கொடுத்தார்கள். பணம் ஏற ஏற, "இன்னும் இவ்வளவு வந்தால் இன்னொரு புத்தகம் தருவோம்" என்று வாக்குக் கொடுத்துக்கொண்டே போனார்கள். அத்தனையும் எழுத வேண்டும், வரைய வேண்டும், அச்சிட வேண்டும். 2018-இல் அந்த நிறுவனம் ஆட்களைக் குறைத்தது. 2019-இல் கேயாசியம் என்ற வேறு நிறுவனம் அந்த விளையாட்டை எடுத்துக்கொண்டது. ஏமாற்றும் எண்ணம் யாருக்கும் இருந்ததாக நான் படிக்கவில்லை. ஐந்நூறு பேருக்குச் சமைத்த வீட்டில் மூவாயிரம் பேர் பந்திக்கு உட்கார்ந்த கதை. கூட்டத்தைப் பார்த்த சந்தோஷத்தில் ஆளுக்கு இன்னொரு வடை என்று மைக்கில் வேறு சொல்லிவிட்டார்கள்.

ஏமாற்றியதாக வழக்கு நடந்ததும் உண்டு. 2012-இல் ஒரு பலகை விளையாட்டுக்கு 35,000 டாலர் கேட்டு 1,22,000 டாலர் வாங்கினார் ஒருவர். அடுத்த ஆண்டு, வேலை நின்றுவிட்டது என்று அறிவித்தார். திரட்டிய பணம் வீட்டு வாடகைக்கும் சொந்தச் செலவுக்கும் போயிற்று என்று அமெரிக்க மத்திய வணிக ஆணையம் 2015-இல் நடவடிக்கை எடுத்தது. கூட்டு நிதி விஷயத்தில் அந்த ஆணையம் எடுத்த முதல் நடவடிக்கை அதுதான். வேறொரு நிறுவனம் முன்வந்து அந்த விளையாட்டைத் தயாரித்துப் பணம் கட்டியவர்களுக்கு அனுப்பியது. எல்லாருக்கும் அந்த அதிர்ஷ்டம் கிடைக்காது.

கிக்ஸ்டார்ட்டரே 2012-இல் "நாங்கள் கடை அல்ல" என்று அறிவித்தது. இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். கடையில் பணம் கொடுத்தால் பொருள் கையில். இங்கே பணம் கொடுப்பது, பொருள் வரும் என்ற நம்பிக்கைக்கு. என் தங்கை மகள் "இது சீட்டா" என்று கேட்டது தவறே இல்லை. எங்கள் தெருவில் ஒருவர் தீபாவளிச் சீட்டு நடத்தினார். மாதாமாதம் கட்டினோம். பலகாரம், பட்டாசு, பித்தளைப் பாத்திரம் என்று பட்டியல் போட்டுக் கொடுத்தார். தீபாவளிக்கு நான்கு நாள் முன்பு வீட்டில் பூட்டு தொங்கியது. வீட்டு வேலை செய்து கட்டிய பெண்கள் அந்த வாசலில் உட்கார்ந்து அழுததை நான் மறக்கவில்லை. அந்தச் சீட்டுக்குக் கணக்கு நோட்டு யாரும் பார்த்ததில்லை. செய்முறைக்கும் சீட்டுக்கும் நடுவில்தான் இந்தக் கூட்டு நிதி நிற்கிறது. கணக்கு திறந்து கிடந்தால் செய்முறைப் பக்கம் சாயும். கணக்கு மூடினால் சீட்டுப் பக்கம் சாயும்.

நல்லவர் நடத்தினால் மட்டும் போதுமா? அதுவும் போதாது. வ.உ.சி.யை விட நல்லவர் யார்? 1906 அக்டோபரில் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். ஒரு பங்கு 25 ரூபாய், 40,000 பங்கு, மொத்தம் 10 லட்சம். ஊர் ஊராகப் பங்கு விற்றுக் கப்பலும் வாங்கினார்கள், தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் ஓட்டினார்கள். வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே வந்தது. 1908-இல் வ.உ.சி. சிறைக்குப் போனார். 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது. அவர் எதிர்த்து நின்றது ஒரு சாம்ராஜ்யத்தை, அதையும் விளையாட்டுப் புத்தகத்தையும் ஒப்பிட முடியாது. ஆனால் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். திரட்டுவது ஒரு வேலை, அதற்குப் பிறகு நடத்துவது வேறொரு வேலை. ஒரே ஆளின் தோளில் எல்லாம் இருந்தால், அந்த ஆளுக்கு ஒன்று என்றால் எல்லாம் நின்றுவிடும்.

ஆகவே தம்பியிடம் நான் சொன்னவை இவைதான்.

அப்பாவின் பத்திரத்தைத் தொடாதே. குறைந்தால் நிலத்தை வைத்து நிரப்புவது என்றால், கெடுவுக்கும் இலக்குக்கும் அர்த்தமே இல்லை. போதுமான பேர் விரும்பவில்லை என்று ஊர் சொல்வதுதான் இலக்குக் குறைவது. அதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். கடன் வாங்கி அந்தச் சத்தத்தை அடைக்கக் கூடாது.

அடுத்து, பணம் கேட்பதை ஆறு மாதம் தள்ளிப் போடு. அதற்குள் 300 பேராவது விளையாடியிருக்க வேண்டும். நீ நடத்தியது பாதி, உன்னிடம் கற்றுக்கொண்டு மற்றவர்கள் நடத்தியது பாதி. நீ இல்லாமல் மற்றவர்களால் நடத்த முடிந்தால்தான் அது புத்தகம். இல்லையென்றால் அது உன் பேச்சுத் திறமை.

முதலில் பெரிய புத்தகம் வேண்டாம். 32 பக்கத்தில் ஒரு சின்னக் கதை போடு. வெளிநாட்டில் கிக்ஸ்டார்ட்டரே 2019 முதல் இப்படிப்பட்ட சிறு புத்தகங்களுக்கென்று 'ஜின் குவெஸ்ட்' என்று தனியாக ஒரு மாதம் ஒதுக்கியது. நம் சிறுபத்திரிகைக்காரர்கள் சந்தா சேர்த்து நடத்தியது போலத்தான். சின்னதைச் சொன்ன தேதியில் கொடுத்தவனைப் பெரியதற்கு நம்புவார்கள்.

கணக்கை எல்லாருக்கும் காட்டு. அச்சகத்து ரசீது உட்பட. தாமதமானால் தாமதம் என்று உடனே சொல். வகுப்பில் வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளை டீச்சர் கண்ணில் படாமல் கடைசி பெஞ்சில் ஒளிவது மாதிரி, பணம் வாங்கியவர்கள் மௌனமாவதுதான் ஆபத்தின் முதல் அடையாளம்.

அவனுக்கு வருத்தம்தான். "இப்பவே போட்டா சூடு இருக்கும் டீச்சர்" என்றான். "சூடு அடுப்புல இருக்கணும்பா, இலையில போட்டா ஆறிரும்" என்றேன். சிரித்துவிட்டான். அன்று மாலையே அப்பாவிடம் போய்ப் பத்திரம் வேண்டாம் என்று சொல்லிவிட்டான். அவர் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் ஒரு கூடை திராட்சை மட்டும் வீட்டுக்கு வந்தது.

இப்போது இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை தம்பி கோயம்புத்தூரிலிருந்து வருகிறான். எங்கள் தெருப் பிள்ளைகள், கல்லூரி மாணவர்கள், ஒரு தபால்காரர், இரண்டு இல்லத்தரசிகள் என்று ஆட்கள் சேர்கிறார்கள். நானும் ஒருநாள் விளையாடினேன். மலைப்பாதையில் மருந்து விற்கும் கிழவி என் பாத்திரம். ஆசிரியர் பயிற்சியில் நடித்துக் கற்றல் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். வகுப்பில் பல வருஷம் பிள்ளைகளை நடிக்க வைத்தேன். நானே பகடை உருட்டி நடித்தது இதுதான் முதல் தடவை. இதுவரை 61 பேர் விளையாடியிருக்கிறார்கள். போன வாரம் தபால்காரர் தன் வீட்டில் தானே ஒரு கதை நடத்தியிருக்கிறார். தம்பிக்கு அந்தச் செய்தி, பணம் வந்ததை விடப் பெரிதாக இருந்தது.

உங்களிடம் நான் கேட்பது இதுதான்.

இப்போது யாரும் பணம் அனுப்ப வேண்டாம். முன்பே அனுப்பிய 14 பேருக்கும் அவன் திருப்பி அனுப்பிவிட்டான். வரவில்லை என்றால் எனக்குச் சொல்லுங்கள்.

என் முகத்துக்காகக் கொடுக்காதீர்கள். "டீச்சர் எழுதியிருக்காங்க, ஒரு ஐந்நூறு போடுவோம்" என்று நீங்கள் போட்டால் அது எனக்குச் செய்த செய்முறை. அவனுக்கு அது பொய்க் கணக்காகிவிடும். விரும்பி வாங்கியவர் எத்தனை பேர் என்று அவனுக்குத் தெரியாமல் போகும். அடுத்த புத்தகத்துக்கு அந்த எண்ணிக்கையை நம்பி இறங்குவான்.

ஆறு மாதம் கழித்து அவன் கேட்கும்போது, விளையாடிப் பார்த்துப் பிடித்திருந்தால் கொடுங்கள். கொடுக்கும்போது, தாமதமானாலும் தாங்கக்கூடிய தொகையை மட்டும் கொடுங்கள். பிடிக்கவில்லை என்றால், ஏன் பிடிக்கவில்லை என்று அவனிடம் சொல்லுங்கள். காசைவிட அது அவனுக்கு உபயோகம்.

அதுவரை ஒரு சின்ன உதவி. வெளியூரில் இருப்பவர்கள், உங்கள் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நான்கு பேரைச் சேர்க்க முடியுமென்றால் கீழே கமெண்டில் ஊர் பெயரை மட்டும் எழுதுங்கள். தம்பி போன் வழியாகவோ நேரிலோ நடத்திக் காட்டுவான். சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவுக்கு ஊருக்கு வருகிறவர்கள் நேரே வீட்டுக்கு வந்துவிடுங்கள். தாயக்கட்டை இருக்கிறது, காபி நான் போட்டுத் தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்